செண்பகவல்லி பேரில் ஒரு டோக்கன்

இங்கன உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். ஊருக்குப் புதுசா? பாத்ததுமே நினைச்சேன். இந்த ஊர்க்காரனா இருந்தா வந்ததும் கவுண்ட்டர்ல போயி நின்னுக்கிட்டு, டாக்டர் எப்ப வருவாருன்னு கேக்க மாட்டான். அவரு வர்றப்ப வருவாரு. கண்ணாடிக்குப் பின்னால போனும் காதுமா ஒரு பொண்ணு இருக்கே, அது பேரு எஸ்தர். அது கூப்பிடும். கூப்பிட்டதும் எந்திரிச்சுப் போயிரணும், ரெண்டாந்தடவை கூப்பிடாது.

காய்ச்சலா? கண்ணைப் பாத்தாலே தெரியுது. பேங்க்ல வேலையா. சரி சரி. கூட யாரும் வரலையாக்கும். பாவம், வெளியூர்ல ஒடம்புக்கு வந்தா இப்படித்தான்.

எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, நான் நல்லாத்தான் இருக்கேன். அந்தா, பொம்பளையாளுக வரிசையில ஜன்னல் பக்கம் பாருங்க. ஒல்லியா ஒண்ணு இருக்கே, அது இல்ல, அது எங்க அடுத்த வீட்டுப் புஷ்பம், தையல்காரி. அதுக்கு இந்தப் பக்கம், பச்சைச் சேலை. அதுதான் என் வீட்டுக்காரி செண்பகவல்லி. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரே வீட்டுல ஒண்ணாக் குடும்பம் நடத்துனவுக நாங்க. இன்னைக்கு அவ அங்கன இருக்கா, நான் இங்கன இருக்கேன். அவ புஷ்பத்தோட ஆட்டோவுல வந்தா. ஆட்டோவுல எடம் இருந்துச்சு தம்பி, நான் செருப்பை மாட்டிக்கிட்டு வாசலுக்கு வந்தேன், அதுக்குள்ள டிரைவர்கிட்ட போகலாம்னு சொல்லிட்டா. நான் பின்னாலயே நடந்து வந்தேன்.

நெஞ்சுல வால்வுன்னு ஒண்ணு இருக்காம்ல, அதுல கோளாறாம். திருநெல்வேலிக்குப் போயி படமெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கா. அதைப் பாத்துட்டு இன்னைக்கு டாக்டர் முடிவு சொல்லுவாரு, மாத்திரையிலே சரியாகுமா, நெஞ்சைத் திறந்து ஆப்பரேசன் பண்ணணுமான்னு. நோயாளி கூட ஒரு ஆளைத்தான் உள்ள விடுவாக. அந்த ஒரு ஆளு புருசனா இருக்கணுமா இல்லையா, சொல்லுங்க. அதுக்குத்தான் வந்து உக்காந்திருக்கேன். அவ கூப்பிடலைன்னாலும் பேரைக் கூப்பிட்டதும் எந்திரிச்சு கூடவே போயிருவேன். டாக்டர் முன்னாடி வச்சு வேண்டாம்னா சொல்லுவா?

சொல்லுவாளோ என்னமோ. ஏன்னா அவ எனக்குப் பண்ணுன துரோகம் அப்படி. துரோகம்னா ஊர்ல எல்லாரும் பங்காளியைச் சொல்லுவான், கூட்டாளியைச் சொல்லுவான். நான் பொண்டாட்டியைச் சொல்லுதேன். கேளுங்க, உங்க முறை வர இன்னும் நேரமிருக்கு.

என் பேரு கதிரேசன். கதிரேசன்னா யாருக்கும் தெரியாது, டிக்கெட்டுக் கதிரேசன்னு கேட்டாத்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இப்ப கல்யாண மண்டபம் இருக்கே, அது முந்தி தியேட்டர். அதுல டிக்கெட் கவுண்ட்டர் என்னுது. இந்த ஊர்ல என் கையில டிக்கெட் வாங்காத ஆம்பளை கிடையாது. தீபாவளிப் படம்னா கம்பிக்குள்ள இருபது கை நீட்டிக்கிட்டு இருக்கும். எந்தக் கைக்குக் குடுக்கணும், எந்தக் கையைத் தட்டிவிடணும்னு மோதிரத்தைப் பாக்காம, காப்பைப் பாக்காம, சும்மா வெரலைப் பாத்தே சொல்லுவேன்.

அந்தத் தொழில்ல ஒரு சூட்சுமம் இருக்கு தம்பி. எவ்வளவு கூட்டம்னாலும் எல்லா டிக்கெட்டையும் வித்துறக் கூடாது. கடைசி வரிசையில நாலஞ்சைக் கிழிச்சு டிராயர்ல போட்டு வச்சுக்கணும். ஹவுஸ்ஃபுல் போர்டை வெளிய தொங்க விட்டதுக்கு அப்புறந்தான் பெரிய ஆளு வருவாரு. இன்ஸ்பெக்டர் வருவாரு, கரண்ட் ஆபீஸ்காரர் குடும்பத்தோட வருவாரு. அவுகளை இல்லைன்னு திருப்பி அனுப்புனா அப்புறம் நம்ம என்ன மனுசன். டிராயரைத் திறப்பேன், எடுத்து நீட்டுவேன். அந்த நேரம் அவுக மூஞ்சியில ஒரு சிரிப்பு வரும் பாருங்க. அதுக்குத்தான் அந்த வேலையைப் பாத்தேன், சம்பளத்துக்கு இல்ல.

தியேட்டரை இடிச்சதுக்கு அப்புறம் கொஞ்ச நாள் சும்மா கிடந்தேன். காலையில எந்திரிச்சா ஒரு ஆளு என்னைத் தேட மாட்டான். ரோட்டுல போனா வணக்கம் வைக்க மாட்டான். செத்துப் போனவன் மாதிரிதான் இருந்தேன். அப்பத்தான் இந்த டாக்டர் வந்தாரு. கைராசிக்காரர்னு பேராயிருச்சு. கூட்டம் தாங்கல. காலையில ஏழு மணிக்கு போன் பண்ணி டோக்கன் போடணும்னு ஏற்பாடு பண்ணுனாக. ஏழு அடிச்சுக் கொஞ்ச நேரத்துல அன்னைக்குள்ளது முடிஞ்சு போகும். இருக்கிறது ஒரே லைன். யாரு அடிச்சாலும் எங்கேஜ், எங்கேஜ், எங்கேஜ். தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குற சனம் ஏழு மணிக்கு வேலைக்குப் போகுமா, போனைத் தட்டிக்கிட்டு நிக்குமா?

ஒரு நாள் எதுத்த வீட்டுக்காரன், ண்ணே நீங்க போட்டுப் பாருங்களேன்னான். போட்டேன். ஒரே அடியில விழுந்துச்சு. அவ்வளவுதான். அடுத்த நாள் ரெண்டு பேரு வந்தாக. அப்புறம் தெருவே வந்துச்சு. சாயங்காலம் ஆனா எங்க வாசல்ல கூட்டம் நிக்கும். கதிரேசண்ணே நாளைக்கு ஒண்ணு, அண்ணாச்சி எங்க அம்மாவுக்கு ஒண்ணு. தம்பி, நான் ஒருத்தர்கிட்டயும் ஒரு டீ கூட வாங்கிக் குடிச்சதில்ல. வந்தவுகளுக்கு எங்க வீட்டுலதான் டீ. செண்பகம்தான் போட்டுக் குடுப்பா. அப்பல்லாம் அவளுக்கும் பெருமைதான்னு நினைச்சேன்.

ஒரு போன்ல இருந்து ரெண்டு பேருக்குத்தான் டோக்கன். எங்கிட்ட ரெண்டு போன், அவளுது ஒண்ணு. காலையில மூணையும் மேசையில வரிசையா வச்சுருவேன். கேட்டவுகளுக்குப் போட்டது போக, ஒண்ணை எப்பவும் கையிருப்பா வச்சுக்கிடுவேன். பழைய பழக்கம், விடுமா? ஆனா டோக்கன் டிக்கெட் மாதிரி இல்லை, பேரு சொல்லணும். கார்டு நம்பர் சொல்லணும். யாரு வருவான்னு தெரியாம யாரு பேரைச் சொல்லுறது? என் வீட்டுக்காரி பேர்ல ஒரு கார்டைப் போட்டு வச்சேன். செண்பகவல்லி, கணவர் பேரு கதிரேசன். அவ அதுவரைக்கும் இங்கன வாசப்படி மிதிச்சதில்ல, அதனால தொந்தரவும் இல்ல. தினமும் அவ பேர்ல ஒண்ணு. கடைசி நேரத்துல யாராச்சும் அவசரம்னு ஓடியாந்தா, செண்பகவல்லின்னு கூப்பிடுவாக, எந்திரிச்சுப் போங்க, ஒருத்தரும் கேக்க மாட்டாகன்னு சொல்லி அனுப்புவேன். கேக்கவும் மாட்டாக. கார்டைத்தான் பாப்பாக, மூஞ்சியை எங்க பாக்கிறாக.

எத்தனை பேரு அந்தப் பேர்ல பொழைச்சிருக்கான்னு நினைக்கிறீக? சக்கரை வியாதிக்காரி போயிருக்கா. மூட்டுவலி, காதுவலி, சிரங்கு, எல்லாம் போயிருக்கு. மேலத் தெருவுல ஒரு பொண்ணு, முழுகாம இருக்கோமான்னு மாமியாருக்குத் தெரியாமப் பாக்கணும்னு வந்து அழுதுச்சு. அதுக்கும் அந்தப் பேருதான். யாருக்கும் தெரியாது, நிம்மதியாப் பாத்துட்டுப் போச்சு. இதெல்லாம் புண்ணியமா இல்லையா தம்பி? அந்தப் புண்ணியத்துல பாதி அவளுக்கும்தானே. அவ பேருதானே.

இருங்க. பாண்டியம்மாளாம். வேற ஆளு. நான் நம்ம பேரோன்னு நினைச்சேன்.

எங்க விட்டேன்? ஆமா. போன மழைக்காலத்துல இருந்து அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுச்சு. தண்ணிக் குடத்தை எடுத்துட்டு வர்றவ பாதியில கரண்ட் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. ராத்திரி படுக்க முடியல, உக்காந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லுவா. வாயுவா இருக்கும், பூண்டைச் சுட்டுத் தின்னுன்னு சொன்னேன். நானும் எத்தனை வியாதியைப் பாத்துட்டேன். அவ கேக்கல, "எனக்கும் ஒரு டோக்கன் போடுங்களேன்"ன்னா. நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், "உனக்குத்தான் தினமும் போடுறேனே"ன்னு. வேடிக்கைக்குத்தான் சொன்னேன். சிரிச்சிருக்கலாம்ல? சிரிக்கல.

சரின்னு ஒரு செவ்வாக்கிழமை, இன்னைக்கு உள்ள டோக்கன் உனக்குத்தான், போயிட்டு வான்னு சொல்லிட்டேன். தலைக்குக் குளிச்சு, நல்ல சேலை கட்டி, பையை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்துட்டா. அந்த நேரம் பாத்து கார் வந்து நிக்குது. யாருன்னு பாக்குறீக? தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர் சீனிவாசகம். பின் சீட்டுல அவுக அம்மா. அந்த அம்மா கோயில் குளம்னு வடக்க டூர் போறாக, ஒடம்பு நல்லாயிருக்குன்னு டாக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம், இன்னைக்கே வேணுமாம். அம்மாம் பெரிய மனுசன் காரை விட்டு இறங்கி எங்க வாசல்ல நிக்கிறாரு. தெருவே பாக்குது. "கதிரேசன் சார், உங்களால முடியும்னு சொன்னாங்க"ன்னாரு. சார்ங்கிறாரு தம்பி. என்னைய.

நான் என்ன செய்யட்டும்? செண்பகத்தைத் திரும்பிப் பாத்தேன். அவளும் என்னைப் பாத்தா. நாளைக்குப் பாத்துக்கலாம், வாயு எங்க ஓடிறப் போகுதுன்னு நினைச்சு, அந்த அம்மாகிட்ட, செண்பகவல்லின்னு கூப்பிடுவாக, சர்ட்டிபிகேட்டுல பேரு எழுதுற எடத்தை மட்டும் காலியா விட்டு வாங்கிக்கிடுங்கன்னு சொன்னேன். கார் போயிருச்சு. இவ உள்ள போயி சேலையை மாத்திக்கிட்டு அரிசியைக் களைஞ்சா.

அடுத்த வாரம் ஒரு பச்சைப்பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஒருத்தி ஓடியாந்தா. பச்சைப்பிள்ளைக்கு இல்லைன்னு சொல்ல முடியுமா? அதுக்கப்புறம் ஒரு நாள் வாத்தியார் ஒருத்தரு, லீவுக்கு சர்ட்டிபிகேட் வேணும்னாரு. அன்னைக்கும் குடுத்தேன். அது கொஞ்சம் தப்புத்தான்னு வைங்க, ஆனா அவரு நம்ம பேரனுக்குப் பள்ளிக்கூடத்துல எடம் வாங்கித் தர்றவரு. ஒவ்வொரு தடவையும் அவ சேலையைக் கட்டுவா, ஒவ்வொரு தடவையும் அவுத்து மடிச்சு வைப்பா. ஒரு வார்த்தை சொன்னாளா? சண்டை போட்டிருக்கலாம். ரெண்டு பாத்திரத்தைத் தூக்கி எறிஞ்சிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க. மனசுக்குள்ள வச்சுக்கிட்டு வெளிய ஒண்ணுமே நடக்காத மாதிரி டீ போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கா. அதைத்தான் நான் துரோகம்ங்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் குழாயடியிலே விழுந்துட்டா. நான் அப்ப வீட்டுல இல்ல, ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு இங்கதான் வந்திருந்தேன். அவரை விட்டுட்டு அப்படியே கடைத்தெருவுக்குப் போயிட்டேன். நான் இந்தப் பக்கம் போக, புஷ்பம் அவளைத் தூக்கி ஆட்டோவுல போட்டு இங்க கொண்டாந்திருக்கு. டோக்கன் இல்லாம.

அதுக்கப்புறம் நடந்ததைப் புஷ்பம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எஸ்தர் பேரைக் கேட்டிருக்கு. செண்பகவல்லி, கணவர் பேரு கதிரேசன்னு சொல்லியிருக்காக. அந்தப் பொண்ணு ஏற இறங்கப் பாத்துட்டு, "அவுக நேத்துத்தானே வந்துட்டுப் போனாக. நீங்க யாரு?"ன்னு கேட்டிருக்கு. புஷ்பம் சத்தம் போட, உள்ள விட்டுட்டாக. டாக்டர் கார்டை எடுத்துப் பாத்திருக்காரு. பாத்துட்டு சிரிச்சுட்டாராம். "ஏம்மா, உங்களுக்கு இந்த வயசுல போன மாசம் ரெண்டு மாசக் கர்ப்பம்னு இருக்கு. சக்கரைக்கு வேற மாத்திரை குடுத்திருக்கு. வடக்க யாத்திரை போக ஒடம்பு நல்லாயிருக்குன்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்"ன்னாராம். கதவு திறந்து கிடந்திருக்கு. வெளிய இருந்தவுக எல்லாரும் சிரிச்சிருக்காக.

இவ சிரிக்கலையாம். நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாளாம். "அதெல்லாம் நான் இல்லைங்க ஐயா. நான் இன்னைக்குத்தான் வர்றேன்."

அவ்வளவுதான் சொன்னாளாம். அப்புறம் டாக்டர் சிரிப்பை நிறுத்திட்டு நெஞ்சுல குழாயை வச்சுப் பாத்திருக்காரு. ரொம்ப நேரம் பாத்தாராம். "ஏம்மா இவ்வளவு நாள் வரல"ன்னு கேட்டாராம். அதுக்கு இவ பதில் சொல்லலைன்னு புஷ்பம் சொன்னா. புஷ்பம் சொல்றதை அப்படியே நம்ப முடியாது, அதுக்கு என்னைப் பிடிக்காது.

எனக்கு இதெல்லாம் அன்னைக்குத் தெரியாது தம்பி. நான் வீட்டுக்கு வந்தப்ப படுத்திருந்தா. என்னன்னு கேட்டேன், ஒண்ணுமில்லன்னா. சரின்னு விட்டுட்டேன். மறுநாள் காலையில ஏழு மணிக்கு வழக்கம் போல போனைப் போடுறேன். ஒரு ரிங் அடிக்குது, கட்டாகுது. திரும்பப் போடுறேன், கட்டாகுது. அடுத்த போனை எடுக்கிறேன். அதுவும் அப்படியே. எங்கேஜ் வந்தாலும் பரவாயில்ல, எங்கேஜுக்கு நான் பயந்தவன் இல்ல. இது வேணும்னே வெட்டுறது. அவளோட போனைத் தேடுனா, அது புஷ்பம் வீட்டுல இருக்குங்கிறா. வாசல்ல ஆறேழு பேரு நிக்கிறாக. லைன்ல கோளாறு, கேபிள் வெட்டிட்டாக போலன்னு சொன்னேன். எதுத்த வீட்டுக்காரன் சும்மா இருக்கணும்ல? அவன் போனை எடுத்துப் போட்டான். விழுந்துருச்சு. அவனே பேசி, அவனே ரெண்டு டோக்கன் போட்டுட்டான். என் வாசல்ல நின்னுக்கிட்டு.

நேரா இங்கன வந்தேன். எஸ்தர்கிட்ட சண்டைக்கு நின்னேன். இந்தப் பொண்ணுக்கு வேலை கிடைச்ச புதுசுல பேரு கூடச் சரியா எழுதத் தெரியாது, நான்தான் ஒவ்வொரு ஆளா இவரு இன்னாரு, அவரு இன்னாருன்னு சொல்லிக் குடுத்தேன். அது நிமிந்து பாத்துச் சொல்லுது, "நானா வெட்டலைங்கய்யா. உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க"ன்னு.

வீட்டுக்கு வந்தேன். சுவத்துல சாஞ்சு உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருக்கா.

"என் நம்பரை வெட்டச் சொன்னியா?"ன்னு கேட்டேன்.

"ஆமா"ன்னா.

"எதுக்கு?"

"என் பேரு எனக்கு வேணும்னு கேட்டேன். உங்க நம்பர்ல இருந்து தினமும் என் பேரு வருது, அதை நிறுத்துனாத்தான் முடியும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நிறுத்திரும்மான்னுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

பூண்டை உரிச்சுக்கிட்டே சொல்றா, "கேட்டேனே"ன்னு.

எப்பக் கேட்டா? நீங்களே சொல்லுங்க, நான் சொன்ன கதையில எங்கயாச்சும் நம்பரை வெட்டவான்னு கேட்டாளா? டோக்கன் கேட்டா. அது வேற, இது வேற.

அன்னைக்கோட எல்லாம் போச்சு தம்பி. சாயங்காலம் வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்தா ஒரு ஆளு வர்றதில்ல. எதுத்த வீட்டு வாசல்லதான் கூட்டம். என்னைத் தாண்டிப் போறப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறான். போன வாரம் கடைத்தெருவுல மேனேஜர் சீனிவாசகத்தைப் பாத்தேன். காரை விட்டு இறங்குறாரு. அம்மா எப்படி இருக்காக, யாத்திரை எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சான்னு கேட்டேன். என்னைப் பாத்து முழிக்கிறாரு. "நீங்க யாருன்னு தெரியலையே"ங்கிறாரு. அவருக்காகத்தான் நான் அன்னைக்கு, சரி விடுங்க. அவரைச் சொல்லி என்ன. வீட்டுக்குள்ள இருக்கிறவளே என்னைக் குழியில தள்ளிட்டா, ஊர்க்காரன் மண்ணு போடத்தான் செய்வான்.

இப்ப அவளே காலையில போன் போடுறா. உக்காந்த எடத்துல இருந்து போடுறா, உடனே விழுகுது. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன். திருநெல்வேலிக்கும் புஷ்பத்தோடதான் போனா. போயிட்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். சோறு போடுறா, துணி துவைக்க முடியலைன்னா ஆளை வச்சுத் துவைக்கிறா, எல்லாம் செய்யுறா. ஒடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா, இருக்குங்கிறா. ஆப்பரேசன்னு சொன்னாகளான்னு கேட்டா, வியாழக்கிழமை சொல்லுவாகங்கிறா. நல்லா மரியாதையாத்தான் சொல்லுறா. யாரோ பக்கத்து வீட்டுக்காரன் கேட்டா சொல்ற மாதிரி.

ராத்திரி அவ உக்காந்து மூச்சு விடுறது எனக்குக் கேக்கும் தம்பி. விசில் மாதிரி ஒரு சத்தம். நானும் எந்திரிச்சு உக்காருவேன். தண்ணி வேணுமான்னு கேப்பேன். வேண்டாம்னு சொல்லுவா. எனக்குப் பயமா இருக்கு. அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நெஞ்சைத் திறக்கணும்னா எங்க திறப்பாக, யாரு பாத்துக்கிடுவா, அவ பொழைச்சு வருவாளா? நான் கேட்டாத்தானே தெரியும். டாக்டர் வாயால என் காதுல விழணும். இவ்வளவு தூரம் ஊருக்கெல்லாம் ஓடுனவன், என் பொண்டாட்டிக்கு என்னன்னு தெரிஞ்சுக்கக் கூடாதா?

கூப்பிடுறாக. செண்பகவல்லின்னுதானே கூப்பிட்டாக? தகப்பனார் பேரு அழகர்சாமின்னு சொல்லுது. வேற செண்பகவல்லியா? இல்ல, எந்திரிக்கிறா பாருங்க. அழகர்சாமி எங்க மாமனாரு தம்பி. அவரு செத்து எத்தனையோ வருஷமாச்சு. புதுக் கார்டு போட்டிருக்கா. என் பேரு இல்லாம போட்டிருக்கா. சரி, அது கிடக்கட்டும், இந்தா, என் பையைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. நான் போயிட்டு வந்துடுறேன்.

பையைக் குடுங்க தம்பி. ஆமா, வந்துட்டேன். என்னை உள்ள விடல.

கேட்டுச்சா உங்களுக்கு? கேட்டிருக்காது, மெதுவாத்தான் சொன்னா. கதவுகிட்ட போயிட்டேன். எஸ்தர் மறிச்சுக்கிட்டு, "அம்மா, உங்க கூட வந்தது யாரு?"ன்னு கேட்டுச்சு. நான்தான், வீட்டுக்காரர்னு சொன்னேன். செண்பகம் திரும்பி என்னைப் பாத்தா. நேருக்கு நேரா மூஞ்சியைப் பாத்தா, எத்தனை நாளைக்கு அப்புறம். நான் கூட, சரி, வாங்கன்னு சொல்லப் போறான்னு நினைச்சேன்.

"அவுக வேற யாருக்காச்சும் வந்திருப்பாகம்மா. நீ வா புஷ்பம்"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

கோவமாச் சொல்லியிருந்தா நான் தாங்கிக்கிடுவேன் தம்பி. குத்திக் காட்டுற மாதிரிச் சொல்லியிருந்தா, பெறகு வீட்டுல போயி சண்டை போட்டுக்கிடலாம். அவ அப்படிச் சொல்லல. உங்க கையில என் பையைப் பாத்தா, நான் உங்க பக்கத்துல இருந்து எந்திரிச்சு வந்ததைப் பாத்தா. நெசமாவே அப்படி நினைச்சுத்தான் சொன்னா. எனக்கு அவ முகத்தைத் தெரியாதா.

கதவைச் சாத்திட்டாக. உள்ள டாக்டர் பேசுறாரு போல, சத்தம் மட்டும் வருது, வார்த்தை ஒண்ணும் விளங்கல.

ஐயையோ, எஸ்தர் இங்கதான் வருது. நோயாளியும் கூட ஒரு ஆளும் தவிர மத்தவுக வெளிய நில்லுங்கன்னு சொல்லும், கூட்டம் சேந்தா அப்படித்தான் கிளப்பிவிடும். வெளிய நின்னா அவ அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு வாசல் வழியாப் போயிருவா, என்ன சொன்னாகன்னு எனக்குத் தெரியாமலே போயிரும். தம்பி, உங்க கூடத்தான் யாரும் வரலையே. நான் உங்க கூட வந்த ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. அவ வெளிய வர்ற வரைக்குந்தான்.